டிக்கி காலி

புளியரை செக்போஸ்டில்
உடைந்த சன்னல் கண்ணாடிக்குப் பதிலாக
மைதாப் பசை தடவி ஒட்டியிருந்தோம் அவளை.
எஸ்டேட் பங்களாவிலிருந்து எடைக்கு வந்த
அமெரிக்கப் பத்திரிகையின் நடுப்பக்கம்.
குட்டப்பன் கடையில் நேந்திரங்காய் வறுவல் மடித்து
எண்ணெய் ஊறியதில்
வானம் மட்டும் வெளிச்சம் விட்டது.

நீலக் கார். பின்னால் கடல்.
முழங்கைவரை வெள்ளைக் கையுறை போட்ட ஒருத்தி
கதவைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறாள்.
கீழே சாய்வெழுத்தில் ஒரு வரி.
அகராதி வாங்கிவந்து படித்தேன்:
எல்லோரும் ஏறிய பிறகும் இடம் மீதி இருக்கும்.

ஆனி பிறந்தால்
ஆரியங்காவுக் கணவாய்க் காற்று
அவள் பாவாடையை உப்ப வைக்கும்.
சாரல் அந்தக் கடலுக்குள் பெய்யும்.

அதே சாடை கார்தான், நிறம் கறுப்பு,
வாரம் மூன்று முறை வரும்.
டாட்ஜ். ஐம்பத்து மூன்றாம் மாடல்.
ஊருக்கு அது பிளசர்.
வடகரை மைதீன் பிச்சை
எஸ் வளைவில் இரண்டாம் கியருக்கு இறங்கும்போதே
எருமை செருமுவதுபோல் கேட்கும்;
பேனா மூடியைக் கழற்றிவிடுவேன்.

எல்லை தாண்டி ஒரு படி அரிசி போகக்கூடாத காலம்.
புனலூரில் கிலோ என்ன விலை என்பது
எங்கள் பக்கத்துக் கோழிக்கும் தெரியும்.

பின்சீட்டில் சிவனணைஞ்சா.
சேலைக்குள் வயிற்றோடு கட்டிய பை.
கையுறை இல்லை, கண்ணாடி வளையல் ஆறு.
மூச்சு வாங்குவதை மட்டும் அவள் நடிக்கவில்லை;
பன்னிரண்டு கிலோ யார் வயிற்றில் இருந்தாலும் வாங்கும்.

ஓட்டுநர் ஒருவர். கர்ப்பிணி ஒருவர். டிக்கி காலி.
என் கையெழுத்து அழகு என்பார்கள்.
பதினான்கு மாதம் எழுதினேன்
அதே கர்ப்பிணியை.
தணிக்கைக்கு வந்தவர் பக்கங்களைப் புரட்டி
'புளியரைத் தண்ணி அப்படியாவே?' என்றார்.
அவர் வீட்டுக்கும் இரண்டு படி போனது.

டிக்கியில் ஆறு மூட்டை. சீட்டுக்கடியில் ஒன்றரை.
விளம்பரம் எழுதியவன் பொய் சொல்லவில்லை.
அமெரிக்காக்காரன் அதில்
என்னத்தைத்தான் வைப்பான் என்று யோசிப்பேன்.
கூடாரம், தூண்டில், ஒரு நாய்.
நாய்க்கு இடம் விட்டுக் கார் கட்டிய தேசம்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
புதிதாக வந்த காவலன்
மூட்டை குத்தும் ஊசியோடு
பின்கதவைத் திறந்துவிட்டான்.
அவள் இறங்கவில்லை. முந்தானையை விலக்கி
'குத்து' என்றாள்.
'அரிசி வந்தா ஒனக்கு.
ரத்தம் வந்தா எனக்கு.'

மழை கார்க்கூரையில் விழுந்தபடி இருந்தது.
மைதீன் பிச்சை கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
பையன் ஊசியைத் தன் சட்டையில் துடைத்தான்,
எதைத் துடைத்தானோ.

அன்றைக்கு அவள் வயிற்றில் இருந்தது எதுவென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
அதன் பிறகு அவள் வரவில்லை.
கார் மட்டும் வந்தது கொஞ்ச நாள்.

போன மாதம் தென்மலையில், ஒரு ரிசார்ட் வாசலில்
பார்த்தேன் அதை.
நீலம் அடித்திருக்கிறார்கள். குரோமியத்தில்
என் நரைத்த தலை நீளமாக வளைந்து தெரிந்தது.
கல்யாணப் பெண் ஒருத்தி
கேமராவுக்காகக் கதவைத் தொட்டும் தொடாமலும்.

என் நெஞ்சு அடைத்தது நிஜம்.
காரை நினைத்தா, வாரம் இரண்டு படி
வீட்டில் பொங்கியதை நினைத்தா,
அதைப் பிரிக்க இப்போது தெம்பில்லை.

'தொடண்டா சாரே' என்றான் காவல்காரப் பையன்.
அவன் திரும்பிய நேரம் பார்த்து
டிக்கியை இரண்டு விரலால் தட்டினேன்.
அந்த நாளில் தட்டினால்
தலையணையைத் தட்டியதுபோல் இருக்கும்.

டங் என்றது.
இப்போதுதான் காலி.